ஸ்டார்ட்டுக்கு எதிரி யார், பிகினுக்கு எதிரி யார்?

ஆங்கிலம் என்றாலே நம் ஆட்களுக்கு ஒன்று பயம், இல்லாவிட்டால் பிழைப்பு. முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம் என்று சுவருக்குச் சுவர் விளம்பரம். அதை உட்கார்ந்து ரசிக்கவும் செய்யலாம் என்று எவரும் சொல்வதில்லை. இண்டர்வியூ முடிந்த கையோடு அகராதி பரணுக்குப் போய்விடுகிறது. எனக்கு இதில் தீராத எரிச்சல். நோட்ஸில் சமக்குறி போட்டு எழுதிய இரண்டு வினைச்சொற்கள் போதும், ஒரு மாலைப்பொழுது இனிதே கழியும். காசும் செலவில்லை.

பிகின், ஸ்டார்ட். பாலபாடத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம். இரண்டும் தொடங்குவதுதான். மழை, வேலை, கூட்டம் எதுவானாலும் பெரும்பாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாம். முன்னது பிகேன், பிகன் என்று உருமாறும். பின்னது வாலில் ‘எட்’ சேர்த்துக்கொள்வதோடு சரி. அவ்வளவுதான் பாடம்.

பிகின் கௌரவமான சொல், ஸ்டார்ட் பேச்சுவழக்கு என்று சில கையேடுகள் இதற்கு மேலும் ஒரு வரி சொல்லும். அரைகுறை விளக்கம். லண்டனில் எவ்வளவு பெரிய நீதிபதியும் காரை ஸ்டார்ட்தான் செய்வார். அதை பிகின் செய்ய இங்கிலாந்து அரசராலும் முடியாது. இன்னொரு கூட்டம் எதற்கெடுத்தாலும் 1066-க்கு ஓடும். நார்மன்கள் படையெடுத்தார்கள், பண்ணையில் பன்றிக்கு ஆங்கிலச் சொல், பந்தியில் அதன் கறிக்குப் பிரெஞ்சுச் சொல் என்று, வால்டர் ஸ்காட் ‘ஐவன்ஹோ’வில் எழுதிவிட்டுப் போன சங்கதியை இன்றைக்குக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்கள். நம் ஜோடியிடம் அது செல்லாது. இரண்டுமே ஜெர்மானிய வேர்ச்சொற்கள். பிரெஞ்சு வழி வந்தது கமென்ஸ். அது சுற்றறிக்கைகளிலேயே இருந்துகொள்ளட்டும்.

இனி நிதானமாகப் பார்ப்போம். ஸ்டார்ட் முதலில் தொடங்கவே இல்லை, துள்ளியது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, சொல்லின் பொருள்களை வரலாற்று முறையில் அடுக்கும். அதில் குதிப்பதும் திடுக்கிடுவதும் முன்னால் வரும். தொடங்குவது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். ஸ்டார்ட்டில் என்னும் சொல் இதன் உடன்பிறப்பு. டிக்கன்ஸ், கானன் டாயில் கதைகளில் ஓர் ஆள் சும்மா ‘ஸ்டார்ட்டட்’ என்று வந்தால், எதைத் தொடங்கினான் என்று தேடாதீர்கள். தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. புதரில் பதுங்கிய முயலை வெளியே பாயவிடுவதும் வேட்டைக்காரர் பேச்சில் ஸ்டார்ட்தான். அதாவது, நம் ‘கிளப்பு’. வண்டியைக் கிளப்பு என்கிறோம், ஊருக்குக் கிளம்பு என்கிறோம், பழைய சண்டையைக் கிளப்பாதே என்கிறோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஸ்டார்ட் அப்படியே உட்காரும். பிகின் ஒன்றுக்கும் உட்காராது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரு வினையை ரசிக்க வேண்டுமானால் அதன் எதிரியைப் பாருங்கள். ஸ்டார்ட்டுக்கு எதிரி ஸ்டாப், பந்தயமானால் ஃபினிஷ். பிகினுக்கு எதிரி எண்ட். எஞ்சின் ஸ்டாப் ஆகும், மறுபடி ஸ்டார்ட் ஆகும்; நாளெல்லாம் இதே வேலையாக இருக்கலாம். எண்ட் ஆனது ஆனதுதான். பிகினில் கால் வைக்கும்போதே நடுவும் முடிவும் எங்கோ தயாராகிவிடுகின்றன. நாடகத்துக்கு முதல், நடு, முடிவு வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கேட்டாரே, அந்த முதல் ஆங்கிலத்தில் வழக்கமாக பிகினிங் என்றே வருகிறது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அந்தச் சொல்லை வைத்துத்தான் திறக்கிறது. அங்கே ஸ்டார்ட்டைப் போட்டுப் பாருங்கள். கடவுள் சாவியைத் திருகியதுபோல் இருக்கும்.

பெயர்ச்சொல் ஆனபிறகும் இரண்டும் குணம் மாறவில்லை. பிகினர் என்றால் கற்றுக்குட்டி, முன்னால் நீண்ட பாதை கிடக்கிறது. ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார், அல்லது ஓட்டலில் முதலில் வரும் கோபி சிக்ஸ்டிஃபைவ்.

ஓட்டலிலும் வண்டியிலும் ஷூட்டிங்கிலும் ஸ்டார்ட்டைத் தமிழாகவே ஆக்கிவிட்டோம். ‘பிகின் பண்ணு’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எதைக் கடன் வாங்க வேண்டும் என்று நம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இரண்டும் செல்லும் இடங்களில்? அங்கேதான் ருசி. நமக்குள் இருக்கட்டும், மழை ஸ்டார்ட் ஆனது என்று ஆங்கிலக் கதையில் படித்தால் மொட்டை மாடித் துணியை எடுக்க ஓடத் தோன்றுகிறது எனக்கு. பிகின் ஆனது என்று படித்தால் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடத் தோன்றுகிறது. பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், சுழித்துவிடுவார்கள்.