ஷண்டரின் கழியும் ஜோடிப் படங்களும்

பழைய ரயில்வே ஊழியர் இதழ்களைத் திரையில் படிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், எது உசத்தி என்ற பேச்சு வராமல் போகாது. லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன்காரர்கள், 1881-இல் வந்த தங்கள் கெஜட்தான் மூத்தது என்பார்கள். கிரேட் ஈஸ்டர்ன் ஆட்களுக்கு 1911 முதல் 1926 வரையிலான தங்கள் மேகசினைத் தேடிப் படிக்கும் கோப்புகளாக்கித் தந்த ஆர்வலர் சங்கத்தைப் பற்றிப் பெருமை. பட வேண்டிய பெருமைதான். எழுத்துச் சுவைக்காக வருகிறவர்கள் நியூசிலாந்து ரயில்வேஸ் மேகசினை விட்டு நகரமாட்டார்கள். ஜேம்ஸ் கோவனும் ராபின் ஹைடும் எழுதிய இதழ். வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகம் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி வலையேற்றியிருக்கிறது. அதை நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் 1926-இல் ஊழியருக்காகத் தொடங்கிய அந்த இதழ் போகப்போக ஊர்சுற்றிகளுக்கும் இலக்கிய வாசகருக்கும் உரியதாகிவிட்டது. யார்டில் நின்று வேலை செய்கிறவன் அதில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

என் ஓட்டு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மேகசினுக்கு. அதிலும் 1913-ஐ ஒட்டிய தொகுதிகளுக்கு. அதிலும், உள்ளதைச் சொன்னால், எஞ்சின் படங்களுக்கோ பாடிங்டன் தலைமையக விருந்துச் செய்திகளுக்கோ அல்ல. சரி எது, தவறு எது என்று காட்டும் அந்த ஜோடிப் படங்களுக்கு.

1888-இல் இந்த இதழைத் தொடங்கியது கம்பெனி ஊழியர்களின் மதுவிலக்குச் சங்கம். ஆரம்பத் தொகுதிகளில் உபதேச வாடை அடிப்பது அதனால்தான். அவற்றை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். ஃபெலிக்ஸ் போல் 1912-இல் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இதழுக்கு ஒரு கண் கிடைத்தது. 1891-இல் ஸ்விண்டனில் தந்திப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1921-இல் கம்பெனிக்கே ஜெனரல் மேனேஜர் ஆனார். நிர்வாகியாக அவரைக் கொண்டாடப் பலர் இருக்கிறார்கள். நான் கொண்டாடுவது பத்திரிகை ஆசிரியரை. யாருக்காக அச்சடிக்கிறோம் என்பது தெரிந்த ஆள்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வேயில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் ஊழியர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பயணிகள் சாகும் விபத்து என்றால் நாளிதழில் வரும். வேகனுக்கு நடுவே நசுங்கியவன், லைன் ஓரத்தில் அடிபட்ட கேங்மேன், இவர்கள் ஒவ்வொருவராகப் போனதால் செய்தியாகவில்லை. அமெரிக்க ரயில்வேக்களில் அப்போது கிளம்பியிருந்த பாதுகாப்பு இயக்கத்தைப் பார்த்து, 1913-இல் போல் அதைத் தன் இதழுக்குக் கொண்டுவந்தார். ‘இது பாதுகாப்பானதா?’ என்ற கேள்வியே இயக்கத்தின் பெயர் போல ஆயிற்று. அடுத்த ஆண்டு இயக்கத்தைப் பற்றிச் சிறு புத்தகம் வந்தது. அந்தக் கேள்வி பொறித்த வில்லைகள்கூட ஊழியர்களின் பாக்கெட்டுக்குப் போயின. வில்லைக்காகச் சண்டை போடும் சேகரிப்பாளர்களை எனக்குத் தெரியும். வில்லை வெறும் சொல்தான். காரியம் நடந்தது படத்தில்.

இதழில் இருக்கும் படங்களின் வார்ப்பு இது. மூன்று வளையக் கப்ளிங் தொங்கும் இரண்டு வேகன்கள். முதல் படத்தில், வேகன்களை மாட்டிக் கழற்றும் ஷண்டர் பஃபருக்கு அடியில் குனிந்து உள்ளே போகிறான். ஒரு கால் தண்டவாளத்துக்கு அப்பால், ஒரு கால் இப்பால். வளையத்தைக் கையாலேயே தூக்கி மாட்டப் போகிறான். இரண்டாவதில் அதே மாதிரி வேகன், அதே வேலை, ஆனால் ஆள் வெளியே நிற்கிறான். கையில் கழி. அதன் கொக்கி முனை வளையத்தைப் பிடித்திருக்கிறது; கழியின் நடுப்பாகம் பஃபர் தண்டின்மேல் சாய்ந்திருக்கிறது. நெம்புகோலுக்குத் தாங்குமரம் அதுதான். தோள் தளர்வாக, பாதங்கள் அகன்று, முகம் வளையத்தைப் பார்த்தபடி. இவ்வளவையும் ஒரு பக்கக் கட்டுரையில் எழுதிப் பாருங்கள், பஃபர் தண்டு எங்கே இருக்கிறது என்பதிலேயே வாசகன் தொலைந்துபோவான். படத்தில் ஒரு நொடி.

இந்தப் படங்கள் நடித்துக் காட்டி எடுத்தவை. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு: உண்மை விபத்தின் படம் அல்லவே என்று. எனக்கு அதுதான் கலை. கேமராவை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். வேகன் நகரவில்லை, வெளிச்சம் மாறவில்லை. மாறியது ஒரு மனிதனின் இரண்டு அடி தூரம் மட்டும். ரத்தம் இல்லை, கட்டுப்போட்ட கை இல்லை, அழும் மனைவி இல்லை. பிற்காலப் பாதுகாப்புச் சுவரொட்டிகள் மண்டையோட்டையும் கோமாளியையும் நம்பின. அந்த முதல் இதழ்களுக்கு அது தேவைப்படவில்லை. தொழில் தெரிந்தவனிடம் தொழில் தெரிந்தவன் பேசும் தொனி.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. பொறுப்பையெல்லாம் தொழிலாளி தலையில் கட்டக் கம்பெனி கண்டுபிடித்த வழி இது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. விபத்துத் தடுப்புக்கென்றே 1900-இல் பார்லிமென்ட் சட்டம் போட்டது; வேகனின் இரண்டு பக்கமும் பிரேக் நெம்புகோல் வைக்க வேண்டும் என்ற விதி வர 1911 ஆயிற்று; அதை நிறைவேற்றக் கம்பெனிகளுக்குத் தாராளமாக அவகாசமும் கிடைத்தது. பிரேக் ஒரு பக்கம்தான் இருக்கிறது, ஷண்டர் லைனைக் கடந்து ஓடுகிறான் என்றால், தவறு என்று எழுத வேண்டியது அவன் படத்துக்குக் கீழே அல்ல. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவரை ஷண்டரின் கை எப்படி வேலை செய்கிறது என்று அருகில் போய்ப் பார்த்து, எஞ்சினுக்குக் கொடுக்கும் அதே பளபளத் தாளில் அதை அச்சடித்தவர்கள் யார்? போலின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், இந்தப் பக்கங்களில் அந்த உடம்பின் நுட்பம் பதிவாகிவிட்டது.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன். இந்த இதழ்களை ஸ்கேன் செய்கிறவர்களில் பலர் எழுத்தை மட்டுமே பார்க்கிறார்கள். கோப்பு சின்னதாக வரவேண்டும், தேடினால் சொல் அகப்பட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் பக்கத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் படமோ புள்ளிகளால் ஆனது. பெரிய புள்ளி, சிறிய புள்ளி சேர்ந்துதான் சாம்பல் சாயல் பிறக்கிறது. நடுச்சாயலைக் கழித்துவிட்டால் ஷண்டரின் கழி வேகன் நிழலோடு கலந்து காணாமல் போய்விடும். பாடமே அந்தக் கழிதான். முன்பு ஒரு நூலகத்தில் தடித்த பைண்டு தொகுதியாக ஒரு ஊழியர் இதழைப் புரட்டிய நாளில், கழியின் மரத்தில் இருந்த தேய்மானம்கூடத் தெரிந்தது. அதே தொகுதி பின்னால் கோப்பாக வந்தபோது கழியும் இல்லை, முகமும் இல்லை. மை கொட்டிய திட்டுதான். பைண்டர்கள் செய்த பாவம் அதற்கும் முந்தியது. ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது மாதாந்தர அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தைப்பார்கள். அப்படிக் கட்டிய பிரதியை வைத்து ஸ்கேன் செய்துவிட்டு முழுத் தொகுப்பு என்று பெயர் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

தேடுபெட்டியும் ஒரு கெட்ட பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. தாத்தாவின் பெயரைப் போட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வம்ச வரலாறு தேடுவதில் பிழையில்லை. ஆனால் மாதா மாதம் வந்ததை மாதா மாதமாகப் படித்தால்தான் 1914 ஆகஸ்டுக்குப் பிறகு அந்த இதழுக்கு என்ன ஆயிற்று என்பது நெஞ்சில் இறங்கும். ஸ்டேஷன் தோட்டப் போட்டியும் ஓய்வு பெற்றோர் படமும் இருந்த இதழில் சீருடை அணிந்த இளைஞர்களின் சின்னச் சின்ன முகங்கள் வரிசை கட்டத் தொடங்குகின்றன. போர் முடிந்தபோது கம்பெனி இழந்தவர்கள் 2,524 பேர். பாடிங்டன் முதலாம் பிளாட்பாரத்தில் சிற்பி ஜாகர் வடித்த, கடிதம் படிக்கும் சிப்பாயின் சிலை 1922 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது அவர்களுக்காகத்தான். சிலையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இந்த இதழ்களின் முகங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜோடிப் படங்களில் நின்றவர்களுக்கோ, நான் பார்த்தவரை, பெயர் போடவில்லை. முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கு அதே இதழ் பெயர், ஊர், பதவி, படம் எல்லாம் போட்டது. 1913-இல் கழியோடு நின்ற அந்த மீசைக்காரர் 1920-களிலோ 1930-களிலோ ஓய்வு பெற்றிருந்தால், அவர் முகம் பின்தொகுதிகளில் எங்கோ பெயரோடு இருக்கக்கூடும். நல்ல பிரதி இருந்தால் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிடலாம். இப்போதுள்ள பல கோப்புகளில் மூக்கு எது மீசை எது என்றே பிரியவில்லை. 1913 முதல் 1947 வரையிலான படப் பக்கங்களை மட்டுமாவது, அட்டை கிழியாத உதிரி இதழ்களிலிருந்து, சாம்பல் சாயல் கெடாமல் யாராவது மறுபடி எடுக்க வேண்டும். உதிரி இதழ்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய புத்தக ஏலங்களில் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன.