மூக்கை நுழைக்கும் மூன்றாவது ஆசாமி

இங்கிலாந்து கோர்ட்டுகளின் தீர்ப்புகள் சிலவற்றை வரிசையாகப் படித்தேன். ராத்திரி தூக்கம் வர உதவும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தது. ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது, தூக்கம் போயே போச்சு. ஒப்பந்தத்தில் எழுதாத ஒன்றை எழுதியதாகவே பாவித்து ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லலாமா?

சொல்லலாம் என்கிறது ஆங்கிலேயச் சட்டம். ஆனால், லேசில் இல்லை.

கதை ஒரு கப்பலில் ஆரம்பிக்கிறது. 'மூர்காக்' என்று பெயர். தேம்ஸ் நதியில் ஒரு துறைக்காரருடன் பேசிச் சரக்கு இறக்க வந்தது. நீர்மட்டம் இறங்கினால் கப்பல் தரையில் உட்காரும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். உட்கார்ந்தது. கீழே கெட்டியான மேடு. கப்பல் சேதம். அடித்தரை பத்திரமானது என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நதிப்படுகை துறைக்காரருக்குச் சொந்தமும் இல்லை. ஆனாலும் 1889-ல் அப்பீல் கோர்ட் கப்பல்காரர் பக்கம் நின்றது. காசு வாங்கிக்கொண்டு கப்பலைக் கூப்பிடுகிறவர், தரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாவது வைத்திருக்க வேண்டாமா? அதுகூட இல்லையென்றால் அந்த வியாபாரத்துக்கே அர்த்தம் இல்லை என்றார் ஜட்ஜ் போவன்.

ஐம்பது வருஷம் கழித்து, 1939-ல், ஜட்ஜ் மக்கின்னன் இதற்கு ஒரு கதாபாத்திரத்தையே கொடுத்தார். இரண்டு பேர் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் வேலையில்லாமல் நிற்கிற ஓர் ஆசாமி மூக்கை நுழைத்து, "ஏன் சார், இதையும் எழுதிக்கலாமே?" என்கிறார். உடனே இருவரும் எரிச்சலோடு, "அட, அதான் தெரிஞ்ச விஷயமாச்சே!" என்று ஒரே குரலில் சொன்னால், அந்த ஷரத்து எழுதாமலே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் "இருங்க, யோசிக்கணும்" என்றால் போச்சு. அந்த வழக்கில், பத்து வருஷத்துக்கென்று நியமிக்கப்பட்ட ஒரு நிர்வாக இயக்குநரை, கம்பெனி கைமாறியதும் நடுவிலேயே வெளியேற்றிவிட்டார்கள். அவருக்கு 12,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது.

சட்ட இலக்கியத்தில் இத்தனை காலம் தாக்குப்பிடித்த பாத்திரங்கள் குறைவு. ரெண்டு வரிக்காரர், பேர்கூடக் கிடையாது, இன்றைக்கும் கோர்ட்டில் உலாவுகிறார். 1977-ல் பிரிவி கவுன்சில் ஐந்து நிபந்தனைகள் போட்டபோது, சொல்லாமலே விளங்கும் அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. 2009-ல் ஹாஃப்மன் பிரபு, இத்தனை சோதனைகள் எதற்கு, மொத்த ஒப்பந்தத்துக்கும் என்ன அர்த்தம் என்று பார்த்தால் போதாதா என்று கேட்டார். 2015-ல் சுப்ரீம் கோர்ட்டில் நியூபர்கர் பிரபு கடிவாளத்தை மறுபடி இழுத்துப் பிடித்தார்.

அந்த 2015 வழக்கு சுவாரஸ்யமானது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கம்பெனி லண்டனில் வாடகைக்கு எடுத்திருந்த ஆபீஸை 2012 ஜனவரி 24-ம் தேதி காலி செய்தது. அப்படி நடுவில் விலகுவதற்கென்றே ஒப்பந்தப்படி 9,19,800 பவுண்டும் கட்டியது. ஆனால், மார்ச் 24 வரைக்குமான காலாண்டு வாடகை டிசம்பரிலேயே கட்டியாகிவிட்டது. மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல். "குடியிருக்காத ரெண்டு மாச வாடகையைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்டார்கள். நியாயமாகத்தான் படுகிறது. கிடையாது என்றது கோர்ட். நியாயமாக இருப்பது மட்டும் போதாது. அந்த ஷரத்து இல்லாவிட்டால் ஒப்பந்தமே நடைமுறையில் அர்த்தமற்றுப் போக வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைத்து வரிவரியாக எழுதிய விரிவான குத்தகை அது. வேண்டியிருந்தால் அப்போதே எழுதியிருப்பார்களே?

இந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் விட்டார்கள், அனுபவித்தார்கள். என் சண்டை அந்த மூன்றாவது ஆசாமியோடு. அவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை: பேனா யார் கையில் இருந்தது?

லிவர்பூலுக்குப் போவோம். பதினைந்து மாடி நகராட்சிக் குடியிருப்பு. ஒன்பதாவது மாடியில் இர்வின் குடும்பம். லிஃப்ட் அடிக்கடி மக்கர். மாடிப்படியில் விளக்கு எரியாது. குப்பைக் குழாய் அடைப்பு. வெறுத்துப்போய் வாடகையை நிறுத்தினார்கள். நகராட்சி கோர்ட்டுக்குப் போனது. ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு காகிதம். குடியிருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்ற பட்டியல், கீழே அவர் கையெழுத்து. வீட்டுச் சொந்தக்காரர் என்ன செய்வார் என்று ஒரு வரி இல்லை.

இங்கே மூக்கை நுழைக்கும் ஆசாமியை அனுப்பிப் பாருங்கள். "லிஃப்ட்டையும் படிக்கட்டையும் நீங்கதானே பராமரிக்கணும்?" நகராட்சி அதிகாரி "தெரிஞ்ச விஷயமாச்சே!" என்று சொல்லியிருப்பாரா? "மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன்" என்றிருப்பார். ஆசாமி தோற்றார்.

1976-ல் பிரபுக்கள் சபையில் வில்பர்ஃபோர்ஸ் பிரபு அதனால்தான் வேறு வழியில் போனார். இது பாதி மட்டும் சொல்லப்பட்ட ஒப்பந்தம், மீதியை கோர்ட்தான் பூர்த்தி செய்ய வேண்டும் என்றார். லிஃப்ட்டும் படிக்கட்டும் இல்லாமல் ஒன்பதாவது மாடியில் குடியிருக்க முடியாது. ஆகவே அவற்றை நியாயமான அளவு கவனத்தோடு பராமரிக்கும் கடமை நகராட்சிக்கு உண்டு. நான் படித்தவற்றில் நேர்மையான தீர்ப்பு இதுதான். கற்பனை ஆசாமியின் வாயில் தன் முடிவைத் திணிக்காமல், 'நிரப்புவது நான்தான்' என்று ஜட்ஜே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால், முடிவைக் கேளுங்கள். கடமை உண்டு, அதை நகராட்சி மீறியதாக நிரூபணமாகவில்லை! அக்கிரமம் செய்யும் விஷமிகளைச் சமாளிக்க நகராட்சி முடிந்தவரை முயன்றது என்றார்கள். கழிவறைத் தொட்டி நிரம்பி வழிந்ததற்கு மட்டும், அதுவும் வேறொரு சட்டப்படி, பேருக்கு 5 பவுண்டு. சட்ட மாணவர்கள் இன்றும் வெற்றி என்று படிக்கும் வழக்கில் ஒன்பதாவது மாடிக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கடைசியில் பார்லிமென்ட் வர வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் வாடகை வீடும் அதன் பொது இடங்களும் மனிதர் வாழத் தகுதியாக இருக்கும் என்ற ஷரத்தை, 2018-ல் இயற்றிய சட்டம் வாடகை ஒப்பந்தங்களுக்குள் வைத்துவிட்டது. எழுதாவிட்டாலும் உண்டு. 'கிடையாது' என்று எழுதினாலும் உண்டு.

ஜட்ஜுகள் நூறு வருஷத்துக்கு மேலாக 'அவசியம்', 'வெளிப்படை' என்று நுணுக்கமாக எழுதியதெல்லாம் சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேசும் இருவருக்குப் பொருந்துகிறது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த மேஜையில் நாற்காலியே இல்லை. அவருக்காகப் பேச, பக்கத்தில் நிற்கிற ஆசாமி போதாது.