கண்ணிக் கணக்கும் அதற்கு அப்பாலும்

குரோஷே பேட்டர்னை வாங்குகிறவர் கையில் மாதிரி இருப்பதில்லை. எழுத்து மட்டுமே இருக்கிறது. ஆகவே வெளியீட்டுக்கு முன் அதைச் சரிபார்க்கும் டெக் எடிட்டரின் பணியை ஒரே அளவுகோலால் எடைபோடலாம்: எழுத்தை மட்டும் நம்பிப் பின்னுகிறவருக்கு, வடிவமைப்பாளர் கருதிய அதே பொருள் கிடைக்கிறதா?

முதல் படியில் இன்றைய செம்மையாக்கம் நன்றாகவே தேறுகிறது. சிங்கிள் குரோஷேயில் தட்டையான வட்டம் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூடி 12, 18, 24 என வளரும். நான்காம் சுற்றின் முடிவில் 23 என்றிருந்தால், தேர்ந்த எடிட்டர் ஊசியைத் தொடாமலே பிடித்துவிடுவார். வரிசை முடிவில் திரும்பும்போது போடும் செயினைக் கண்ணியாக எண்ணுவதா, கலைச்சொல் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்பவற்றை முதல் பக்கத்திலேயே சொல்ல வைப்பதும் அவர் வேலை. அமெரிக்கர் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷார் டிரெபிள் என்பதால், இது சிறிய விஷயம் இல்லை. 1840களில் குரோஷே வடிவமைப்பாளர் எலியனோர் ரியேகோ பேட்டர்ன் நூல்களை வெளியிடத் தொடங்கியபோது கேஜ், அதாவது குறிப்பிட்ட நீளத்துக்கு எத்தனை கண்ணி என்பதை, குறிப்பிடும் வழக்கமே நிலைபெற்றிருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் வந்திருக்கும் தூரம் பெரிது.

ஆனால் கூட்டல் சரியாக இருப்பது தகுதிக்கான தொடக்கம்தான். உண்மையான சோதனை, ஒரே வடிவத்தைப் பல உடல் அளவுகளுக்கு விரிக்கும் அளவுப் பெருக்கத்தில் வருகிறது. சிப்பிப் பின்னலில் ஒரு மேல்சட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிப்பிக்கு 6 கண்ணி, ஓரத்துக்கு 1. கேஜ் 10 செ.மீ.க்கு 18 கண்ணி. முன்பக்கம் 91 கண்ணி என்றால் 15 சிப்பி, 50.6 செ.மீ.; முன்னும் பின்னும் சேர்த்து மார்புச் சுற்று 101 செ.மீ. சொச்சம். அடுத்த அளவு 10 செ.மீ. கூட வேண்டும். அதற்குப் பக்கத்துக்கு 9 கண்ணி தேவை. பின்னலோ 6 அல்லது 12 மட்டுமே தரும். எனவே அடுத்த அளவுகள் 97, 109 என்று போகின்றன. சட்டை முதலில் 6.7 செ.மீ., பிறகு 13.3 செ.மீ. என்று தாவுகிறது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரி. கூட்டலில் பிழையே இல்லை. இருந்தும் நடு அளவு அணிபவருக்கு இறுக்கமான சட்டை.

கணக்கை மட்டும் பார்க்கும் எடிட்டர் இதற்குச் சரிக்குறி போட்டுவிடுவார். முறை அறிந்தவர் வேறு வழி சொல்வார்: இரண்டு துண்டாகப் பின்னாமல் ஒரே சுற்றாகப் பின்னினால் 180, 198, 216 என மூன்றும் 6-ஆல் வகுபடும், 10 செ.மீ. இடைவெளி துல்லியமாக அமையும். இந்தத் தீர்வுக்கும் விலை உண்டு. 198 கண்ணியில் 33 சிப்பி; ஒற்றைப்படை. கைக்குழிக்காக முன்னும் பின்னும் பிரியும்போது ஒரு பக்கத்தில் சிப்பி நடுவில் உடையும். அந்த இடத்துக்குத் தனி வரி எழுத வேண்டும், அல்லது அந்த அளவுக்கு மட்டும் ஒரு சிப்பியைக் கூட்டியோ குறைத்தோ மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எதைத் தேர்வது என்பது வடிவமைப்பாளர் உரிமை. தேர்வு இருக்கிறது என்று காட்டுவது எடிட்டரின் கடமை. இந்த எல்லையைக் காக்கிற எடிட்டரே என் மதிப்பில் உயர்ந்தவர்.

பின்னிப் பார்க்கும் சோதனையாளர்கள் இருந்தால் எடிட்டர் எதற்கு என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அனுபவமுள்ள கை, பிழையைத் தானாகத் திருத்திக்கொண்டு மேலே போய்விடும். திருத்தியது நினைவிலும் தங்காது. நூல் எவ்வளவு செலவாகும், துணி எப்படி விழும் என்பவற்றை அறியச் சோதனையாளர் இன்றியமையாதவர். ஒரு பேட்டர்னில் எட்டு அளவுகள் இருந்தால் அவற்றின் இசைவைக் காண, எட்டையும் பக்கம்பக்கமாக வைத்துக் கணக்கிடுகிறவர்தான் வேண்டும்.

எழுத்தே இல்லாமலும் இந்தக் கலை வாழும். ஆந்திரத்து நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் எழுதிய நூல், பூவைப் பின்னுகிறவர் ஒருவர், இணைப்பவர் இன்னொருவர் என்று நடந்த உற்பத்தியைக் காட்டுகிறது. அருகில் இருப்பவரிடம் கேட்டுத் தெளியும் வசதி அங்கே உண்டு. பேட்டர்னை விலைக்கு வாங்கித் தனியே உட்கார்ந்து பின்னுகிறவருக்கு அது இல்லை. அந்த இழப்பை ஈடுசெய்யவே செம்மையாக்கம் தேவைப்படுகிறது.

இங்கேதான் இன்றைய செம்மையாக்கத்தின் பெரிய குறை தெரிகிறது. அது எழுதிக்கொண்டிருப்பது குளிர்நாட்டு வாசகருக்கு. மியன்மரின் யாங்கோனில், தெய்ன்ஜீ சந்தையில் நூல் தேடுகிறவருக்கு, பேட்டர்ன் பெயர் சொல்லும் கம்பளி நூல் கிடைத்தாலும் அந்த ஊர்ப் புழுக்கத்தில் பயன்படாது. பருத்திக்கு மாறியாக வேண்டும். பருத்தி கனமானது, கம்பளிபோல் மீளாது, அணிய அணியத் தன் எடையிலேயே நீளும். கேஜ் துவைத்த பின் அளந்ததா, முன்பா என்ற குறிப்பு இல்லாவிட்டால் மற்ற எல்லாத் துல்லியமும் வீணாகிறது. துணியைக் கஜத்தில் வாங்கிப் பழகிய ஊரில் செ.மீ. மட்டும் தருவதும் கவனக்குறைவே.

என் தீர்ப்பு இது. கணக்கில் தேர்ச்சி. அளவுப் பெருக்கத்தில் அரைகுறை. எடிட்டருக்கு எடிட்டர் தரம் மாறுகிறது. நூல் மாற்றத்தில் தோல்வி. நூலின் பிராண்டு பெயரைச் சொல்லி, 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பதைச் சொல்லாத பேட்டர்ன், எத்தனை முறை கூட்டிப் பார்க்கப்பட்டிருந்தாலும், செம்மையாக்கப்பட்டது என்ற பெயருக்கு உரியதல்ல.