அதுவும் யானும்

படர்க்கையில் பேசத் தொடங்கிவிட்டால், தமிழில் பெரும்பாலான வாக்கியங்களை மனிதரா இல்லையா என்று முடிவு செய்யாமல் முடிக்க முடியாது. வந்தாளா, வந்தாரா, வந்ததா? வினைமுற்றுக்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது.

தொல்காப்பியம் மனிதரை இரண்டு இடங்களில் வரையறுக்கிறது. மரபியலில் அளவுகோல் ஆறாவது அறிவு. ஐந்தறிவோடு நின்றவரை விலங்கோடு சேர்த்து ‘மாக்கள்’ ஆக்குகிறது அந்த இயல். மக்களுக்கும் மாக்களுக்கும் நடுவே ஒரு நெடில்தான். சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவில் அறிவைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே உயர்திணை என்பது ‘மக்கட்சுட்டு’. சுட்டு என்றால் சுட்டும் விரல் ஒன்று இருக்க வேண்டும். அது யாருடைய விரல் என்று கேட்பதிலிருந்து என் வாசிப்பு தொடங்குகிறது.

கிளவியாக்கத்தின் பிற்பகுதியில் ஒரு பட்டியல் வருகிறது. பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் அவை. அடிமை, பெண்மை, குழவி, உடற்குறையைச் சொல்லும் பெயர்கள், வசைச்சொற்கள். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் கொதிக்கிறார்கள். கொதிக்கட்டும், ஆனால் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும். ஆண்மையும் அரசும் அதில் இருக்கின்றன. அன்பு மிகுந்து அழைக்கும் பெயர்களும் இருக்கின்றன. அரசு வந்தது, அடிமை வந்தது: இரண்டுக்கும் ஒரே விகுதி. அந்த விகுதியால் அரசனுக்கு ஒரு குறைவும் நேர்வதில்லை. சபை எழுந்து நிற்கும். அடிமைக்கோ இலக்கணமும் வாழ்க்கையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நம் வீடுகளிலும் இதுதான். “அது இன்னும் தூங்குது” என்று பேத்தியைச் சொல்லும் பாட்டியின் ‘அது’வில் வாஞ்சை இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம், “அதைக் கேட்க என்ன இருக்கு, நான் சொன்னாச் சரி” என்னும் தகப்பனின் ‘அது’ வேறு. கூலி கேட்டு நிற்பவர்களைப் பார்த்து, “அதுகளுக்கு என்ன தெரியும்” என்னும் பண்ணையாரின் ‘அது’ இன்னும் வேறு. பேத்தி விழித்துக்கொண்டால் பாட்டியோடு சண்டை போடுவாள். மற்ற இருவருக்கும் வாய் மறுக்கப்பட்டிருக்கிறது. சுட்டப்பட்டவர் திரும்பப் பேச முடியாத இடத்தில்தான் ‘அது’ கொடுமையாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டது. பெண்மையையோ ஆண்மையையோ விட்டு மற்றதை அவாவுவோருக்கு மட்டும், ஆண்பால் பெண்பால் முடிபுகளோடு, அஃறிணை போலவும் வரலாம் என்று ஒரு வழி திறந்துவைத்தது. கண்ணால் காணாத நரகருக்கு நிலையான இடம். கண்முன் நிற்பவருக்கு ஐயம். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல்.

‘தானே சொல்லும்’ என்பதில்தான் தொல்காப்பியத்தின் இன்னொரு வாசல் இருக்கிறது. பெயரியல் யான், யாம், நாம் மூன்றையும் உயர்திணைப் பெயர்களாகவே வைக்கிறது. படர்க்கையில் மனிதராக இருக்க இன்னொருவர் சுட்ட வேண்டும்; தன்மையில் அது தேவையில்லை. ‘யான்’ என்று சொல்பவர் சொன்ன கணத்திலேயே உயர்திணை. ஆணா பெண்ணா என்றும் அந்த வினைமுற்று கேட்பதில்லை. திருநங்கை ஏ. ரேவதி தன் வாழ்க்கையை ‘வெள்ளை மொழி’யாக எழுதியபோது, தமிழ் அவருக்கு இந்த வினைமுற்றைத்தான் கொடுத்தது.

நன்னூல் தன்மைப் பெயர்களைப் பொதுப்பெயர் ஆக்கிவிட்டது. வகைப்பாட்டில் அது நேர்த்தியாக இருக்கலாம். நான் தொல்காப்பியர் பக்கம் நிற்கிறேன். பெண்களின் தன்வரலாறுகளைப் ‘புலம்பல்’ என்று ஒதுக்கும் விமர்சகர்களுக்கு என் பதிலும் அந்த நூற்பாதான். அவர்கள் புலம்பல் என்று கேட்பது, அதுவரை ‘அது’வாக இருந்த ஒருத்தி ‘யான்’ என்று தொடங்கும் வாக்கியம்.