ஒலிக்குக் கதகதப்பு ஊட்டலாமா?

கணிப்பொறியில் பதிவான பாட்டு உயிரற்றுக் குளிர்ந்து கிடக்கிறது. அதை வால்வு, மின்மாற்றி, காந்த நாடா ஆகியவற்றின் வழியே ஒருமுறை செலுத்தினால் பழைய கதகதப்பு வந்துவிடும் என்று ஒலிப்பதிவுக் கூடங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கென்றே விலையுயர்ந்த கருவிகள் விற்பனையாகின்றன. 1970-இல் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் செய்த 1073 என்னும் கருவிக்கு இன்றும் நகல்கள் வந்தவண்ணம் உள்ளன. இவை பயனற்றவை என்பது என் வாதமன்று. இவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

டிஜிட்டல் முறை ஒலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது, இடையில் உள்ளது தொலைகிறது, கருவி அதை மீட்டுத் தருகிறது என்கிறார்கள். பாடநூல்களில் நாம் வரையும் படிக்கட்டுப் படமும் இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அலை முழுவதையும் திரும்பப் பெறலாம் என்பதற்கு 1949-இல் ஷானன் நிறுவல் தந்தார். மனிதச் செவியின் எல்லையோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்தான். ஆகவே தட்டிலிருந்து நம் காதுக்கு வருவது படிக்கட்டன்று, வழவழப்பான அலை.

அப்படியானால் காதுக்குத் தெரியும் வேறுபாடு எங்கிருந்து வந்தது? அது புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒருவர் 200 ஹெர்ட்ஸில் சட்ஜம் பிடிக்கிறார் என்று கொள்வோம். வால்வு அதனுடன் 400 ஹெர்ட்ஸைச் சிறிது கூட்டும். அது மேல் சட்ஜம். நாடாவிலுள்ள காந்தத் துகள்கள் ஏற்கக்கூடிய அளவை ஒலி நெருங்கும்போது 600 ஹெர்ட்ஸ் தோன்றும். அது மேல் பஞ்சமம். தம்பூராவின் நாதத்தில் ஏற்கெனவே உள்ள உறவுகள் இவை. இனிக்காமல் என்ன செய்யும்! கூடவே நாடா உச்சங்களை மழுக்கும். மேல் அதிர்வெண்களையும் சற்றுக் குறைக்கும். (தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் இனிமையில் பாதி இதுவே. மத்திய அலையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது பெரும்பாலும் எதையும் தந்ததில்லை.)

தனிக்குரலுக்கு இது பொருந்தும். ஆனால் 200 ஹெர்ட்ஸும் 225 ஹெர்ட்ஸும் சேர்ந்து உள்ளே சென்றால், அவற்றின் கூடுதலான 425-உம் வேறுபாடான 25-உம் வெளியே வரும். இவ்விரண்டும் பாடியவர் எவர் தொண்டையிலும் இல்லாதவை. குரல்கள் பெருகப் பெருக இத்தகைய கலப்புகளும் பெருகி ஒலி கலங்கிப் போகும்.

கள்ளக்குறிச்சியில் பாடம் சொல்லும் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவர்கள் சிலர் தம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து பாடுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்கிறார்கள். பலர் ஒரே சுரத்தைச் சற்றே முன்பின்னாகப் பிடிக்கும் பாட்டு. நடுவே மேள ஒலி வேறு. இதை "மெருகூட்டித் தருகிறோம்" என்று சொல்வோர் உண்டு. வேண்டாம் என்பேன். மழுங்கிய உச்சத்தைத் திரும்பக் கூராக்க வழியில்லை. உயரம் வேறான இரண்டு உச்சங்கள் ஒரே மட்டத்துக்கு அழுந்திய பின் எது எவ்வளவு இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? பதிவான கோப்பை அப்படியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். மெருகு வேண்டுமானால் நகலுக்குப் போடுங்கள்.

திரைப்பாட்டின் நிலை வேறு. 'அன்னக்கிளி' (1976) பாடல்கள் நாடாவில் பதிவானவை. அந்த நாடாவின் சாயலைக் காதால் கேட்டு ஏற்றுக்கொண்டுதான் கலைஞர்கள் பாட்டை வெளியே விட்டார்கள். அது படைப்பின் பகுதி. இன்று ஓர் இசையமைப்பாளர் வால்வைத் தேடிப் போனாலும் அது அவர் உரிமை. பழைய பாட்டை மறுவெளியீடு செய்கிறவர் அதன்மேல் இரண்டாவது பூச்சுப் பூசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது ஏற்கெனவே கதகதப்பானது.

கருவிக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் முதலில் சமமாக்குங்கள். ஒரு டெசிபெல் உரத்து ஒலிப்பதே பலருக்கு "நன்றாக இருக்கிறது" என்று படும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பரைக் காசு சுண்டி ஏதேனும் ஒன்றைப் போடச் சொல்லி, 20 முறை கேளுங்கள். 15 முறையாவது எது எதுவென்று சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம். வெறுமனே ஊகிப்பவருக்கும் 10 சரியாக வரும்.