அஞ்சலில் வருமா சட்டம்?

களக்காட்டிலே பகலெல்லாம் வாழைத்தார் சுமந்து, இரவிலே அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்து, வரலாற்றிலே பட்டமும் பெற்றுவிட்டான் ஓர் இளைஞன் என்று கொள்வோம். அடுத்து அவன் உள்ளத்திலே எழும் ஆசை என்ன? சட்டம் பயில வேண்டும். கூலிக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் வழக்காட வேண்டும்! வரலாற்றைப் படித்ததுபோலவே சட்டத்தையும் வீட்டிலிருந்தே படிக்கலாமே என்று எண்ணுகிறான். எண்ணம் நல்லெண்ணம். ஆனால் வாயிலிலே தாழ்ப்பாள்!

இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளைப் பார்ப்போம். பள்ளிப் படிப்பை முறையே முடித்தவன் அஞ்சல்வழியில் பெற்ற முதற் பட்டத்தை அவை ஏற்கின்றன. சட்டப் படிப்பு மட்டும் அவ்வழியில் கூடாது. நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. 70 விழுக்காடு வருகை! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளும் தொலைநிலைக் கல்வியிலே சட்டப் பட்டத்தை விலக்கியே வைத்தன. விளம்பரத்தை நம்பி அஞ்சலிலே பட்டம் வாங்கினால், சுவரிலே மாட்டலாம்; வழக்குரைஞராக நீதிமன்றத்திலே நிற்க முடியாது. தோழர்கள் இதை முதலிலே உணர வேண்டும்.

இவ்விதிக்குக் காரணமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் கலையைத் தபாலிலே கற்க முடியுமா? மாதிரி நீதிமன்றத்திலே நின்று, தடுமாறி, திருத்தம் பெற்றுத்தான் நா பழகும். ஒருவனுடைய விடுதலையும் ஒருத்தியுடைய சொத்துரிமையும் வழக்குரைஞர் கையிலே இருக்கும்போது, பயிற்சி வேண்டுமென்பது நியாயமே.

நாம் கேட்பது வேறு. வகுப்புக்கு வா என்றவர்கள், உழைப்பவன் வரக்கூடிய வேளையிலே வகுப்பை வைத்தார்களா? முழுதும் உறைவிடமல்லாத கல்லூரியிலே காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையேதான் வகுப்பு நடக்கலாம் என்கின்றன அதே விதிகள். நூலகம் மட்டும் இரவு 10 மணி வரை திறந்திருக்கலாமாம்! புத்தகத்துக்கு இரவு உண்டு, ஆசிரியருக்கு இல்லை!

திருநெல்வேலியிலே அரசு சட்டக் கல்லூரி 1996-இல் தோன்றியது. மதுரைக்கும் சென்னைக்கும் மூட்டை கட்டிய தென்பாண்டி இளைஞருக்கு அது பெரும் பேறு. ஆயினும் களக்காட்டிலிருந்து பேருந்திலே போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல், நடுவே 5 மணி நேர வகுப்பு. அன்றைய கூலி என்னாவது? பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்ணுக்கு 3 ஆண்டுக் கூலியை ஈடு செய்பவர் யார்? கட்டணம் குறைவு என்பர். கட்டணத்தைவிடக் கனமானது இழந்த கூலி!

வசதி படைத்தவன் கதை வேறு. வெளிமாநிலக் கல்லூரியொன்றிலே பெயரைப் பதிந்து, வகுப்பை எட்டியும் பாராமல் பட்டத்தோடு திரும்பும் முறைகேட்டைச் சென்னை உயர் நீதிமன்றமே கண்டித்ததுண்டு. போலிகளைக் களைய 2015-இல் சான்றிதழ் சரிபார்ப்பு விதிகளும் வந்தன. வறியவனுக்கு வருகைப் பதிவேடு இரும்புக் கதவு. பணக்காரனுக்கோ வெறும் திரை!

நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடியே அஞ்சல்வழி பயின்று, 1989-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றார். சிறையிலே திறந்த கதவு நம் சிற்றூரிலே திறக்கக் கூடாதா? ஏட்டுப் பாடத்தை வீட்டிலே கற்கட்டும். வழக்காடும் பயிற்சியை இரவிலும் விடுமுறையிலும் கல்லூரியிலே பெறட்டும். தகுதியை அளக்க அகில இந்திய பார் தேர்வு இருக்கவே இருக்கிறது. அதைக் கடுமையாக்குங்கள், ஏழையின் வயிற்றைத் தேர்வு செய்யாதீர்கள்!

அதுவரை சும்மா இருப்பதா? அங்கி அணிவதற்கு மட்டுமா சட்டம்? தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் வகுத்த சட்டத் தன்னார்வலர் திட்டம் சட்டப் பட்டம் கேட்பதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. இதை அறியாமல் வட்டிக்கு வாங்கி வழக்கு நடத்துவோர் எத்தனை பேர்! ஊருக்கு ஒரு படிப்பகம், அதிலே வாரம் ஓர் இரவு சட்ட வகுப்பு என்று தொடங்கினால் தடுப்பவர் யார்?

கேட்பதற்கே உரிமையில்லை என்று மறை ஒரு காலத்திலே மறைத்து வைக்கப்பட்டது. சட்டம் மறையன்று, நம்மை ஆளும் விதி. ஆளப்படுபவன் அதைப் படிக்க நேரம் கேட்கிறான். நேரத்தைக் கொடுங்கள்!