கீழக்குயில்குடி முதல் கொச்சி வரை: பச்சையைப் பிரித்துப் பார்க்கும் பயணம்

மதுரையிலிருந்து மூணாறுக்கு வண்டி எடுத்தால் போடி வரை பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மலை ஏறியதும் கண் விழித்து, தேயிலைத் தோட்டத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, "காடு எப்படி இருக்கு பாத்தியா" என்பார்கள். அவர்கள் பார்த்தது காடு இல்லை. காடு இன்னும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலானோர் வண்டியைத் திருப்பிவிடும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை 85 கிழக்கே தொண்டிக் கடற்கரையையும் மேற்கே கொச்சியையும் இணைக்கிறது. மதுரை, தேனி, போடி, மூணாறு எல்லாம் அதன் மேல்தான். இந்தச் சாலையை ரசிக்க வேண்டுமானால் வறண்ட பக்கத்திலிருந்து ஈரத்தை நோக்கிப் போக வேண்டும். அதற்குக் கீழக்குயில்குடியை விட நல்ல தொடக்கம் கிடையாது. நாகமலைப் புதுக்கோட்டையில் தேனி சாலையிலிருந்து சற்றே விலகினால் ஊர் வந்துவிடும். தாமரைக் குளம், அய்யனார் கோயில், அதன் பின்னே சமணர் மலை. பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. காலை வெயில் ஏறுமுன் மேலே போய்ச் சுற்றிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்: மொட்டைப் பாறை, பனை, கருவேலம், ஆங்காங்கே கண்மாய். ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெய்யும் நிலத்தின் முகம் இது. கேரளத்தின் சராசரி ஏறத்தாழ 3,000 மி.மீ. முந்நூறு கிலோமீட்டருக்குள் நடக்கிற இந்த மாற்றம்தான் பயணத்தின் கதை.

உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் வேகமாகக் கடந்துவிடலாம். போடியில் நிற்க வேண்டும். ஆடி மாதம் இங்கே அடிக்கும் சாரல், மேற்கே கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவமழையின் மிச்சம். காற்று மலையைத் தாண்டும்போதே தன் நீரில் பெரும்பங்கை அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது. ஊரில் ஏலக்காய் மணக்கும். ஏலம் விடும் மையமும் இங்கே உண்டு. விடியற்காலையில் தொழிலாளிப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பார்த்தால், தமிழ்நாட்டுச் சமவெளியும் இடுக்கி மலையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது விளங்கும்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது. கீழே முள்ளும் புதரும். ஏற ஏற மரங்கள் நெருங்கும், காற்று குளிரும். மெட்டைத் தாண்டியதும் ஏலத்தோட்டம். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைத்து, அடியில் உள்ள சிறு செடிகொடிகளை மட்டும் அகற்றியிருப்பார்கள். பார்க்கக் காடு போலவே இருக்கும். அடையாளம் தரைதான்: எங்கும் ஒரே செடி.

அதற்கு மேல் தேயிலை. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியதிலிருந்து தொடங்கும் வரலாறு இது. மூணாற்றுக் கடைத்தெருவில் தமிழ் ஒலிப்பது அங்கே வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களால்தான். 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் போராடிய தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலானோர் தமிழ்ப் பெண்கள். தேயிலைச் சரிவின் அழகை ரசிப்பதில் தவறில்லை. அது காட்டை வெட்டிய இடத்தில் வந்த அழகு என்று தெரிந்து ரசித்தால் சரி. பழைய மலை எப்படி இருந்தது என்று பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது: புல்வெளி, மடிப்புகளில் குட்டை மரச் சோலை, பாறைமேல் வரையாடு. குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள்; பிப்ரவரி, மார்ச்சில் போவோர் விசாரித்துவிட்டுப் போகலாம்.

இனிதான் விஷயமே. அடிமாலியைக் கடந்து வாளறை, சீயப்பாறை அருவிகள் வழியே நேரியமங்கலம் இறங்கும் சாலை மெய்யான மழைக்காட்டினூடே போகிறது. வேகத்தைக் குறைத்து, இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, முதலில் மரத்தின் அடியைப் பார்க்க வேண்டும். மேல்மண்ணிலேயே சத்து இருப்பதால் வேர் ஆழம் போகாது. பலகை பலகையாகப் புடைத்துத்தான் மரத்தைத் தாங்கும். பிறகு நடுப்பகுதி: கொடி, பாசி, கிளையில் ஒட்டி வாழும் செடிகள். கடைசியாக உச்சி. அடுக்கடுக்காக இலை மூடியிருப்பதால் நண்பகலிலும் தரை மங்கலாக இருக்கும். ஐந்து நிமிடம் இன்ஜினை அணைத்தால் இருவாச்சி கூப்பிடுவது காதில் விழலாம். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும்; உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். இரவில் யானை நடமாட்டம் உண்டு, பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

இந்த வழி பெரிதாகக் காரணம் 1924 வெள்ளம். மூணாற்றின் சிறு ரயிலையும், ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியே வந்த பழைய சாலையையும் அது அடித்துச் சென்றது. நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் வளைவுப் பாலம் திறந்தது 1935-இல். இப்போது இந்தக் காட்டுச் சாலையை அகலப்படுத்தும் பிரச்சினை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போகிறவர்கள் இப்போதே போய்ப் பார்த்துவிடலாம்.

பாலத்துக்குப் பின் ரப்பர். வரிசை பிடித்து நிற்கும் மரங்களில் சிரட்டை கட்டியிருப்பதைப் பார்த்ததும் அது தோட்டம் என்று தெரிந்துவிடும். மூவாற்றுப்புழை பக்கம் அன்னாசி வாங்கிக்கொண்டு நேரே கோட்டைக் கொச்சிக்குப் போனால் மாலையில் சீன வலை இறங்குவதைப் பார்க்கலாம். நீள மரக்கழிகள், மறுமுனையில் எடைக்குத் தொங்கும் கற்கள், இழுக்கச் சில ஆட்கள்.

திரும்பும்போது கோட்டயம், குமுளி வழி வர வேண்டும். மலை இறங்கி லோயர் கேம்ப் வந்ததும் சரிவில் ராட்சதக் குழாய்கள் தெரியும். உள்ளே வருவது நேரியமங்கலம் பாலத்தடியில் ஓடும் அதே பெரியாற்றின் நீர்; பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு, வைகையில் சேர்ந்து மதுரை வயல்களுக்கு வருகிறது.